நிவாரண லாரி போய்ச் சேர்ந்தது... நம்பிக்கை போய்ச் சேர்ந்ததா?

'புயல் அடிச்சிருச்சு' என்று செய்தி வந்தால் போதும், மேலூர் மாதிரியான ஊர்களில் அரிசி மூட்டை, பிஸ்கட், போர்வை என்று சேர ஆரம்பித்துவிடும். நமக்குக் கடல் இல்லை. அதனால் பெரும்பாலும் நாம் கொடுக்கிற இடத்தில்தான் இருக்கிறோம். ஆனால், 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கொட்டிய மழையில் செல்லூர் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தபோது, கொடுக்கிற கை எப்போது வேண்டுமானாலும் வாங்குகிற கையாக மாறலாம் என்று புரிந்தது.

சரி, உதவ வருகிற அமைப்பை மக்கள் எதை வைத்து நம்புகிறார்கள்? அந்த நம்பிக்கையை அளக்க முடியுமா?

'முடியும்' என்கிறது செஞ்சிலுவை, செம்பிறைச் சங்கங்களின் சர்வதேசக் கூட்டமைப்பு. அதன் 'சமூக நம்பிக்கைக் குறியீடு' இரண்டு விஷயங்களைப் பார்க்கிறது. ஒன்று, திறமை. சொன்ன வேலையைச் சரியாக, நேரத்துக்குச் செய்கிறார்களா? இன்னொன்று, பண்பு. பாரபட்சம் இல்லாமல், மரியாதையாக, நாம் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கிறார்களா?

இரண்டாவது ஏன் முக்கியம் என்பதற்கு நாகப்பட்டினமே சாட்சி. 2004 டிசம்பர் 26 சுனாமியில் அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நாடெங்கிலுமிருந்து லாரி லாரியாகப் பழைய துணிகள் வந்து இறங்கின. பல இடங்களில் அவை சாலையோரத்தில் குவிந்துகிடந்தன. உழைத்துச் சாப்பிட்ட மீனவக் குடும்பங்கள், அடுத்தவர் உடுத்திப்போட்ட துணியைத் தொட மறுத்தன. எத்தனை லாரி போனது என்ற கணக்கு சரியாக இருந்திருக்கும். 'உங்களுக்கு என்னங்க வேணும்?' என்று முதலில் கேட்டிருந்தால் இந்தத் துணியே போயிருக்காது.

அதே நாகையில்தான் நல்ல உதாரணமும் இருக்கிறது. சிஃப்ஸ், சிநேகா போன்ற அமைப்புகள் மாவட்ட நிர்வாகத்தோடு சேர்ந்து ஒருங்கிணைப்பு மையம் ஒன்றை நடத்தின. கிராமங்களில் தகவல் மையங்கள் வைத்து, மக்களின் தேவையை மேலே கொண்டுபோனார்கள்.

ஆனால், யாரிடம் கேட்கிறோம் என்பதும் இருக்கிறதே? ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கலாம். ஓர் ஊருக்கு அது சரிவராது. சுனாமி நிவாரணம் பல இடங்களில் ஊர்ப் பஞ்சாயத்து வழியாகவே போனதால், தலித் குடும்பங்கள் விடுபட்டுப்போன புகார்கள் பதிவாகியிருக்கின்றன. ஊர்ப் பெரியவர்களிடம் மட்டும் கேட்டால் நம்பிக்கை நூற்றுக்கு நூறாகத் தெரியும். காலனியில் கேட்டால் கதை வேறு.

கேட்பது யார் என்பதும் முக்கியம். டோக்கன் கொடுத்தவரே வந்து நின்று கேட்டால், 'எல்லாம் நல்லாத்தான் இருக்கு சார்' என்றுதான் பதில் வரும். அடுத்த முறை அரிசி வர வேண்டுமே! அதனால் சம்பந்தமில்லாத ஒருவர், பெயர் கேட்காமல், பெண்களிடம் தனியாகவும் கேட்க வேண்டும். மழைக்காலத்துக்கு முன்பே ஒருமுறை, நிவாரணத்துக்குப் பிறகு ஒருமுறை. அதோடு, 'நீங்க சொன்னதுல இதை மாத்தியிருக்கோம்' என்று திரும்பப் போய்ச் சொல்லவும் வேண்டும். கேட்டுவிட்டு ஆளையே காணோம் என்றால், இருக்கிற நம்பிக்கையும் போய்விடும்.

அடுத்த முறை நம்மூரிலிருந்து லாரி கிளம்பும்போது, போகிற ஊரில் இருக்கும் யாருக்காவது ஒரு போன் போட்டுக் கேட்போம். இறக்கிவிட்டு வந்த பிறகும் இன்னொரு போன். கடைசி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று.