சேறு படிந்த புட்டிகள்



ஜெர்மனியில் ஆர் என்னும் சிற்றாற்றின் பள்ளத்தாக்கில், டெர்னாவ் என்ற ஊரில், மாயர்-நேக்கல் குடும்பத்தாரின் திராட்சைத் தோட்டம் உள்ளது. அவர்கள் பல சிவப்புத் திராட்சை வகைகளைக் கலந்து செய்யும் இரசம் ஒன்றின் பெயர் ‘உஸ் தே லா மெங்’. முன்னேற்பாடின்றிக் கைபோன போக்கில் செய்வது என்று ரைன்லாந்துப் பேச்சுவழக்கில் பொருள். அதனுள் ஒளிந்திருப்பது ‘கை’ என்னும் பிரெஞ்சுச் சொல். திருப்பலியில் இரசத்தை உயர்த்தும்போது கொடியின் கனியோடு மனித உழைப்பையும் நினைவுகூர்பவர்கள் நாம். எனவே அப்பெயர் எனக்குப் பிடித்துப்போயிற்று.

குருவானவர் மதுவைப் பற்றி எழுதலாமா என்று சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். குடியால் சிதைந்த குடும்பங்களை முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கண்டு வருபவன் நான். குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை.

2021 ஜூலை 14 இரவு ஆர் ஆறு பெருக்கெடுத்தது. அப்பள்ளத்தாக்கில் மட்டும் 130 பேருக்கு மேல் மாண்டனர். தந்தை வெர்னர் நேக்கலிடமிருந்து பொறுப்பேற்றிருந்த சகோதரிகள் மைக்கேயும் டோர்ட்டேயும், இரசக்கூடத்தைக் காக்கப் போன இடத்தில் வெள்ளத்தில் சிக்கி, ஒரு மரத்தைப் பற்றிக்கொண்டு பல மணி நேரம் உயிர்பிழைத்திருந்தனர். பீப்பாய்களை ஆறு அடித்துச் சென்றது. செங்குத்தான சரிவுகளில் நின்ற கொடிகள் பெரும்பாலும் தப்பின. அவற்றைப் பேணவும் அறுவடை செய்யவும் பிற பகுதிகளின் திராட்சை விவசாயிகள் திரண்டு வந்தனர்.

பள்ளத்தாக்கின் இரசக்காரர்கள் சேற்றில் புதைந்த புட்டிகளைத் தோண்டியெடுத்து, கழுவாமல், ‘வெள்ள இரசம்’ என்று பெயரிட்டு விற்றனர். 40 இலட்சம் யூரோவுக்கு மேல் திரண்டது. இதை வெறும் விளம்பரம் என்றவர்களும் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. வாங்கியவர் இரக்கம் காட்டினார். விற்றவரோ கையேந்தவில்லை, தம் உழைப்பின் பயனையே நீட்டினார்.

2004 ஆழிப்பேரலைக்குப் பின் நாகப்பட்டினத்தில் நிகழ்ந்ததை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள். எவரும் உடுத்த விரும்பாத பழந்துணிகள் சாலையோரங்களில் மலைபோல் குவிந்தன. மீனவனுக்கு வேண்டியிருந்ததோ படகும் வலையும். கொடுத்தவர்கள் நல்லவர்களே, ஆனால் பெறுபவனிடம் ஒரு சொல் கேட்கத் தோன்றவில்லை.

இவ்வாதத்திற்கும் எல்லை உண்டு. அதே இரவில், ஆர் ஆறு ரைனில் கலக்குமிடத்துக்கு அருகிலுள்ள சின்ட்சிக் நகரில், மாற்றுத்திறனாளிகள் இல்லம் ஒன்றில் 12 பேர் மூழ்கி இறந்தனர். அத்தகையோரிடம் விற்பதற்கு எந்தப் புட்டியும் இல்லை. அவர்களுக்குக் கைம்மாறு கருதாத கொடையே தகும்; அதை எந்தச் சந்தையும் ஈடுசெய்யாது.

ஆயினும், அடுத்த முறை நம் பங்கில் துயர்துடைப்பு நிதி திரட்டும்போது, அம்மக்கள் என்ன செய்து விற்கிறார்கள் என்பதை முதலில் விசாரிக்குமாறு பங்குப் பேரவையைக் கேட்க இருக்கிறேன். பழந்துணி மூட்டைகளை மட்டும் தயவுசெய்து ஆலய வாசலில் வைக்காதீர்கள்.