யார் ஜெயித்தார் என்பதா செய்தி?

ஆசிரியர் அவர்களுக்கு,

தொலைக்காட்சி விவாதங்களுக்கு மதிப்பெண் போடும் பகுதி ஒன்று சில வாரங்களாகத் தங்கள் இதழில் வருகிறது. பேசியவர் படம், பக்கத்தில் பத்துக்கு எத்தனை, கீழே 'அடித்து ஆடினார்', 'முதல் பந்திலேயே அவுட்' என்று ஒரு வரி. மின்கட்டண உயர்வு பற்றிய விவாதத்துக்கும் இதே பட்டியலைப் போட்டிருந்தீர்கள். அதைக் கண்டித்தே இந்தக் கடிதம்.

கோவையில் சிறிய லேத் பட்டறை நடத்துகிறேன். 2022 செப்டம்பருக்கு முன்பு கிலோவாட்டுக்கு 35 ரூபாயாக இருந்த நிலைக் கட்டணம் ஒரே உத்தரவில் இரண்டு மடங்குக்கு மேல் ஏறியது. மெஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய பணம் அது. 2023 செப்டம்பரில் பட்டறைகளைப் பூட்டிப் போராடியவர்களில் நானும் ஒருவன். அதனால் அந்த விவாதத்தை விளம்பரம் உட்பட முழுசாகப் பார்த்தேன்.

ஆளும் தரப்பில் வந்தவர், "உதய் திட்டத்தில் கையெழுத்துப் போட்டது யார்?" என்று கேட்டார். எதிர்த் தரப்பில் வந்தவர், "மாதந்தோறும் மின் கணக்கெடுப்பு என்ற வாக்குறுதி என்ன ஆச்சு?" என்று திருப்பிக் கேட்டார். இரண்டும் நியாயமான கேள்விகள்தான். மின்வாரியக் கடனைச் சீரமைக்கும் அந்த உதய் திட்டத்தில் 2017 ஜனவரியில் தமிழகம் கையெழுத்திட்டதும் உண்மை, 2021 தேர்தல் அறிக்கையில் அந்த வாக்குறுதி இருந்ததும் உண்மை. ஆனால் யாரும் பதில் சொல்லவில்லை. கேள்விக்குக் கேள்விதான் பதில். நெறியாளரும் இரண்டு பேரையும் உசுப்பிவிட்டு, சூடு ஏறியதும் "ஒரு சிறிய இடைவேளை" என்று போய்விட்டார்.

அந்த ஒரு மணி நேரத்தில் ஒருவரும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. ஆண்டுதோறும் ஜூலையில் கட்டணம் ஏன் ஏறுகிறது? மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 உத்தரவிலேயே அதற்கு விதி இருக்கிறது. நுகர்வோர் விலைக் குறியீட்டு உயர்வு அல்லது 6 சதவீதம், இவற்றில் எது குறைவோ அந்த அளவுக்கு ஆண்டுதோறும் உயர்த்தலாம். 2023இல் 2.18, 2024இல் 4.83, 2025இல் 3.16 சதவீதம் என்று ஏறியதெல்லாம் இந்தக் கணக்கில்தான். அந்த விதி சரியா, சிறு தொழிலுக்கு விலக்கு உண்டா, வீடுகளுக்கான உயர்வை அரசு ஏற்றுக்கொண்டால் அந்தப் பணம் எங்கிருந்து வருகிறது என்பதுதானே விவாதமாக இருக்க வேண்டும்? தாங்கள் பத்துக்கு எட்டு கொடுத்தவர் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

மறுநாள் டீ நேரத்தில் பட்டறைப் பையன் ஒருவன் செல்போனில் அந்த விவாதத்தின் துண்டுக் காட்சியைக் காட்டினான். 'கதறவிட்ட' என்று தொடங்கும் தலைப்பு, உறைந்துபோன ஒரு முகம், அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம். "நம்மாளு கிழிச்சுட்டாருங்ணா" என்றான். கட்டணத்தைப் பற்றி என்ன சொன்னார் என்று கேட்டேன். "அது தெரியலீங்ணா. எதிராளி மூஞ்சி போன போக்கைப் பாக்கோணும் நீங்க!" அவன் சம்பளத்தை உயர்த்த முடியாமல் போனதற்கு அந்த நிலைக் கட்டணமும் ஒரு காரணம். அவனை நான் குறை சொல்ல மாட்டேன். முகத்தை மட்டும் பார் என்று காட்டியது தொலைக்காட்சி. அதற்கு மதிப்பெண்ணும் போட்டுக் கொடுத்தது பத்திரிகை.

அமெரிக்காவிலேயே இப்படித்தான் என்பார்கள். அங்கும் விவாதம் முடிந்த நிமிடமே 'யார் வென்றது' என்று கருத்துக்கணிப்பு ஓடுவது உண்மைதான். ஆனால் அங்கே மேடையில் நிற்பவர் வேட்பாளர். 2024 செப்டம்பரில் பிலடெல்பியாவில், மருத்துவக் காப்பீட்டுக்கு மாற்றுத் திட்டம் உண்டா என்று கேட்டதற்கு, திட்டத்துக்கான யோசனைகள்தான் இருக்கின்றன என்று டிரம்ப் தன் வாயாலேயே சொல்ல வேண்டிவந்தது. நம் ஊரில் வந்து உட்காருபவர்கள் செய்தித் தொடர்பாளர்கள். அவர்கள் தோற்றாலும் ஜெயித்தாலும் ஒரு கோப்புகூட நகராது. தலைவர்களே மேடையேறும் வாய்ப்பும் ஒரு முறை வந்தது. 2024 மே மாதத்தில் முன்னாள் நீதிபதிகள் மதன் லோகுர், ஏ.பி. ஷா, பத்திரிகையாளர் என். ராம் மூவரும் பிரதமரையும் ராகுல் காந்தியையும் பொது விவாதத்துக்கு அழைத்தார்கள். ராகுல் ஒப்புக்கொண்டார். விவாதம் நடக்கவில்லை. நடக்காத அந்த விவாதத்தைப் பற்றி ஊடகங்கள் தொடர்ந்து கேட்டிருக்க வேண்டாமா?

சொல்லாடலை ரசிக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டிமன்றம் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அங்கே இந்த வாரம் ஒரு அணியில் பேசியவர் அடுத்த வாரம் எதிரணியில் பேசுவார். அது விளையாட்டு என்று எல்லோருக்கும் தெரியும், கைதட்டிவிட்டு வீட்டுக்குப் போவோம். 1943இல் கம்பராமாயணத்தைக் கொளுத்த வேண்டுமா என்று அண்ணாவும் ரா.பி. சேதுப்பிள்ளையும் சென்னையில் வாதிட்டபோதும் கைதட்டல் இருந்திருக்கும். ஆனால் அந்த வாதம் 'தீ பரவட்டும்' என்று நூலாக நிற்கிறது. எந்தப் பக்கத்தவரும் இன்றைக்கும் படித்து ஆமோதிக்கலாம், மறுக்கலாம். போன வாரத்துத் தொலைக்காட்சி விவாதத்தில் அச்சில் ஏற்ற அரைப் பக்கம் தேறுமா?

எனவே அந்த மதிப்பெண் பகுதியை நிறுத்துங்கள். அதே இடத்தில் யார் என்ன புள்ளிவிவரம் சொன்னார், அது சரியா, எந்தக் கேள்விக்குப் பதில் வரவில்லை என்று போடுங்கள். மின்கட்டண உத்தரவில் சிறு தொழிலுக்கான பகுதியைத் தமிழில், எங்களைப் போன்றவர்களுக்குப் புரியும்படி அடுத்த ஜூலைக்கு முன்பு ஒரு முறையாவது வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
லேத் பட்டறை உரிமையாளர்,
கணபதி, கோவை.