பிள்ளையோடு படிப்போம்: கடுகம்பூவின் கணக்கு



கடந்த மே மாதம் இரவு வேலை முடிந்து வந்து படுத்திருந்தேன். மகள் கொப்பியோடு வந்தாள். "அப்பாவுக்கு டொச் விளங்காது" என்று தானே சொல்லிக்கொண்டு திரும்பிப் போனாள். அந்தச் சொல் சுட்டது. எழும்பிப் போய்ப் பார்த்தேன். வட்டத்துக்குள் வட்டமாக ஒரு படம். அதன் கீழே எழுத்தும் எண்ணும். ஊரில் ஏ.எல். படிப்பை இடையில் விடுமுன் நான் படித்த அதே பூ வரிப்படமும் பூச்சூத்திரமும்!

இங்கே ஜேர்மனியில் மே மாதம் வயலெல்லாம் மஞ்சளாகப் பூக்கும் ராப்ஸ், எங்கள் கடுகின் இனம்தான். வயலோரம் தானாக முளைத்து நின்ற செடியில் ஒரு பூவைப் பறித்து வந்து, வெளியிலிருந்து உள்ளே ஒவ்வொன்றாகக் கழற்றி எண்ணினோம்.

புல்லி 4. அல்லி 4, சிலுவைபோல. கேசரம் 6: வெளியே குட்டை 2, உள்ளே நெட்டை 4. நடுவில் சூலகம், இரண்டு சூல்வித்திலைகள் ஒட்டியது. சூத்திரம் இதுதான்:

கே 4 சி 4 ஏ 2+4 ஜி (2)

அடைப்புக்குறி போட்டால் ஒட்டியவை என்று பொருள். ஜி எழுத்தின் கீழே கோடிட்டால், மற்றப் பகுதிகளுக்கு மேலே சூலகம் இருக்கிறது என்று பொருள். வரிப்படம், மொட்டைக் குறுக்கே வெட்டி மேலிருந்து பார்ப்பது போன்றது. உச்சியில் உள்ள புள்ளி, தாய்த்தண்டு எந்தப் பக்கம் என்று காட்டும்.

நாங்கள் 'கே' என்று படித்த எழுத்தை மகள் 'கா' என்கிறாள். புல்லிவட்டத்துக்கு ஏன் அந்த எழுத்து என்று ஊரில் எனக்குத் தெரியாது. "கெல்ஷ் என்ற டொச் சொல்லின் முதலெழுத்தப்பா" என்றாள் மகள். ஜேர்மன் தாவரவியலாளர் ஐக்லர் பூ வரிப்படங்களைத் தொகுத்து 1875இலும் 1878இலும் இரு பாகமாக நூல் வெளியிட்டார். இந்த நாட்டவர் வளர்த்த பாடத்தைத்தான் நாங்கள் ஊரில் தமிழில் படித்திருக்கிறோம்.

இப்போது கொப்பி நேரே என்னிடம் வருகிறது. அவள் டொச்சில் வாசித்துச் சொல்ல, நான் தமிழில் விளங்கப்படுத்துகிறேன். எனக்கும் தெரியாததை இருவரும் தேடுகிறோம்.

பெற்றோரே, பாஷை தெரியாதென்று பிள்ளையின் மேசையை விட்டு விலகாதீர்கள். நீங்கள் படித்தது வீண்போகவில்லை. ஒரு பூவைக் கையில் எடுத்து எண்ணத் தொடங்குங்கள்.

அடுத்த இதழில் சந்திப்போம்.