பாகப்பிரிவினையும் பொதுக் கிணறும்



சென்ற மாதம் நமது சங்கக் கூட்டம் முடிந்து காப்பி வழங்கப்பட்டுக் கொண்டிருந்த வேளையில், இரண்டு பெரியவர்களுக்கிடையே ஒரு வாதம் மூண்டது. ஒருவருடைய மகன் இங்கிலாந்தில் உத்தியோகம் பார்க்கிறார். மற்றவர் தில்லியில் சர்க்கார் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகிய பின், ஒன்றியத்தின் சந்தையில் அதற்கு இடமுண்டா என்பதே பேச்சு. “கூட்டுக் குடும்பத்தை விட்டுப் போனவன் கூட்டுச் சமையலில் இலை போடச் சொல்லலாமா?” என்றார் ஒருவர். “ஏன் சார், தனிக்குடித்தனம் போய்விட்டால் கொடுக்கல் வாங்கலே கூடாதா?” என்றார் மற்றவர். பிறகு இருவரும் நம் பக்கம் திரும்பி, “தம்பி, நீதான் ரெயில்வேயில் பார்சல் கணக்கு எழுதுகிறாய். நீ சொல்” என்றனர். அப்போது காப்பி டம்ளரைக் காரணங் காட்டித் தப்பித்துக் கொண்டோம். கேட்ட கேள்விக்கு இம்மாதப் பக்கத்தில் விடை சொல்லக் கடமைப்பட்டுள்ளோம்.

நாம் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவரல்லோம். பள்ளி இறுதி வகுப்போடு நின்று, பார்சல் ரசீதுகளிடையே பாடம் கற்றவரே. ஆயினும் இந்தக் கேள்விக்கு விடை தேட இலண்டன் வரை செல்ல வேண்டியதில்லை. தில்லியிலிருந்து அட்டாரி வரை சென்றாற் போதும்.

1947 ஆகஸ்டில் இந்தியா இரண்டாகப் பிரிந்தது. நிலம் பிரிந்தது, படை பிரிந்தது, ரெயில்வேயும் பிரிந்தது. ஆனால் சந்தை அன்றே பிரியவில்லை. 1948 பிப்ரவரி முடிய, சரக்குகள் முன்போலவே போய்வரலாம் என்று இரு அரசுகளும் உடன்பட்டிருந்தன. நாணயமும் ஒன்றாகவே இருந்தது. நமது ரிசர்வ் வங்கி நோட்டுகளின் மீதே பாகிஸ்தான் அரசாங்கம் என்ற முத்திரை அச்சிடப்பட்டு அங்கே வழங்கியது. 1948 ஜூலை முதல் நாளன்றுதான் அந்நாட்டின் சொந்த மத்திய வங்கி பிறந்தது.

இந்த ஏற்பாடு நிலைத்திருக்கக் கூடாதா எனத் தோன்றும். ஏனெனில் இரு நாடுகளின் பிழைப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்தது. சணல் விளைந்தது கிழக்கு வங்காளத்தில். அதை நெய்யும் ஆலைகளோ கல்கத்தாவை அடுத்த ஹூக்ளிக் கரையில். நல்ல பஞ்சு விளைந்தது சிந்திலும் மேற்குப் பஞ்சாபிலும்; நூற்பாலைகள் பம்பாயிலும் அகமதாபாத்திலும். பாகிஸ்தான் ரெயில் எஞ்சின்களுக்கு வேண்டிய நிலக்கரியோ நமது பீகார், வங்காளச் சுரங்கங்களில்.

ஆனால் வரிக்கு எல்லை உண்டு. தன் சணலின் மீது பாகிஸ்தான் ஏற்றுமதி வரி விதித்தது. 1948 மார்ச் முதல், சுங்க விஷயத்தில் ஒருவருக்கொருவர் அயல்நாட்டாராயினர். அடுத்த ஆண்டு பேரிடி விழுந்தது. 1949 செப்டம்பரில் பிரிட்டன் தன் பவுன் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. இந்தியாவும் உடனே ரூபாயின் மதிப்பைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. முந்தின நாள் வரை நூற்றுக்கு நூறாக இருந்த கணக்கு, பாகிஸ்தானின் 100 ரூபாய்க்கு நமது 144 ரூபாய் என்றாகிவிட்டது. அந்த விகிதத்தை நாம் ஏற்கவில்லை. அவர்களும் இறங்கி வரவில்லை. சணல் நின்றது, நிலக்கரி நின்றது. 1951 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஏற்படும் வரை வாணிபம் முடங்கிக் கிடந்தது.

இதற்குள் இருபுறமும் தனி ஏற்பாடுகள் தொடங்கிவிட்டன. நாம் மேற்கு வங்காளத்திலும் அஸ்ஸாமிலும் பீகாரிலும் சணல் சாகுபடியைப் பெருக்கினோம். நெல் விளைந்த வயல்களிலும் சணல் ஏறியது. அவர்கள் நாராயணகஞ்சில் ஆதம்ஜி ஆலையை எழுப்பினர். ஒரு கிணற்றில் இருவர் இறைத்தது போய், இருவரும் தனித்தனியே வெட்டத் தொடங்கினர். நமது துறையிலும் இதே கதைதான். அஸ்ஸாமுக்குச் செல்லும் இருப்புப் பாதை கிழக்கு வங்காளத்தில் அகப்பட்டுக் கொண்டதால், காடும் ஆறும் கடந்து புதுப் பாதையொன்றை அவசரமாகப் போட்டு, 1950 ஜனவரியில் திறந்தார்கள்.

அப்பொழுதும் எல்லைக் கதவு முற்றிலும் அடைபடவில்லை. 1965 போர்தான் அதை அடைத்தது. பிறகு 1976-இல் சம்ஜௌதா விரைவு வண்டி ஓடத் தொடங்கியது. அட்டாரியில் ஒரு நாட்டுச் சுமைக்கூலியின் தலையிலிருந்து மறு நாட்டுச் சுமைக்கூலியின் தலைக்கு மூட்டை மாறியதும் ஒரு காலம். 2007-இல் லாரிகளே கோட்டைத் தாண்டிச் சென்று சரக்கிறக்கின. 1996-இல் நாம் பாகிஸ்தானுக்கு மற்ற நாடுகளோடு ஒத்த வரிச் சலுகை அளித்தோம். 2019 பிப்ரவரியில், புல்வாமாவில் நம் வீரர்கள் பலியானதன் பின், அது திரும்பப் பெறப்பட்டு, 200 சதவீத வரி விதிக்கப்பட்டது. அதே ஆகஸ்டில் வாணிபமும் ரெயிலும் நின்றன. 2025-இல் பஹல்காம் படுகொலையை அடுத்து அட்டாரி வாயில் மூடப்பட்டது. மே 2-ஆம் நாள் இறக்குமதி முழுவதும் தடை செய்யப்பட்டது.

இதனால் யாருக்கு என்ன என்று கேட்கலாம். நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிக்கு அருகிலேயே சாட்சி இருக்கிறது. விரதச் சமையலுக்கு நாம் தேடும் இந்துப்பு, சிந்து நாட்டு உப்பு என்பதால்தான் அப்பெயர் பெற்றது. அதற்குப் பேர் பெற்ற கேவ்ராச் சுரங்கம் பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் உள்ளது. தில்லி காரி பாவோலிக் கடைத்தெருவிற்கு அங்கிருந்து ஒரு பகலில் வந்துவிடக் கூடிய உப்பு அது. இந்துப்பின்றி நாம் இருந்துவிடலாம். ஆனால் அட்டாரியில் மூட்டை தூக்கிப் பிழைத்தவனும், அமிர்தசரஸில் லாரி ஓட்டிப் பிழைத்தவனும் என்ன செய்வார்கள்? அவர்களை எந்த ஒப்பந்தமும் கலந்து கேட்டதில்லை.

இனிப் பிரிட்டனுக்கு வருவோம். 2016 ஜூனில் மக்கள் வாக்களித்தார்கள். 2020 ஜனவரி 31-இல் விலகினார்கள். அவ்வாண்டு முடியும் வரை பழைய ஏற்பாடே நீடித்தது. 2021 ஜனவரி முதல், உரிய நிபந்தனைகளுக்கு உட்பட்ட சரக்குகளுக்கு இருபுறமும் வரியில்லை என்று ஒப்பந்தம். அப்படியானால் இழந்தது என்ன என்று வாசகர் வினவலாம்.

சேலத்திலிருந்து தில்லிக்கு ஒரு மூட்டை வருகிறது. அங்கே நிறுத்து, முத்திரையிட்டு, ரசீது எழுதுகிறார்கள். இடையில் எத்தனை மாநில எல்லை கடந்தாலும் எவரும் சுங்கம் கேட்பதில்லை. இங்கே ரசீதைக் காட்டியதும் கொடுத்துவிடுகிறோம். ஒற்றைச் சந்தை என்பது இதுதான். வரியில்லாத ஒப்பந்தம் வேறு. அங்கே ஒவ்வொரு மூட்டைக்கும், எந்த நாட்டு நூலால் எந்த நாட்டில் நெய்தது என்று சான்று வேண்டும். உணவுப் பொருளாயின் சோதனைச் சீட்டு வேண்டும். வரி பூஜ்யம், காகிதம் பூஜ்யமன்று. பெரிய கம்பெனி அதற்கெனக் குமாஸ்தாக்களை வைத்துக் கொள்ளும்; சிறு வியாபாரி அனுப்புவதையே நிறுத்திவிடுவான்.

மறுபக்கத்தின் நியாயத்தையும் மறைக்கலாகாது. சொந்த வரியைத் தானே விதிக்க இயலாத நாடு முழுச் சுதந்திர நாடாகாது. அன்று பாகிஸ்தான், கச்சாச் சணல் விற்கும் நாடாகவே கிடக்க விரும்பாததில் தவறில்லை. பிறர் எழுதிய சந்தை விதிகளுக்கு வாக்கின்றிக் கட்டுப்பட மாட்டோம் என்று பிரிட்டிஷார் சொன்னதிலும் பொருளுண்டு. மேலும் எல்லையில் இரத்தம் சிந்தும்போது, வாணிபத்தை மட்டும் பேசு என்று எந்த அரசிடமும் சொல்ல இயலாது.

ஆகவே நம் தீர்ப்பு இதுவே. ஊரில் அண்ணன் தம்பி பாகம் பிரிப்பதை நாம் பார்த்திருக்கிறோம். விவரமறிந்த பத்திர எழுத்தர், நிலத்தை அளக்குமுன் கிணற்றைக் கேட்பார். எவருக்கு எந்த நாள் இறவை, ஏற்றத்துக்கு வழிநடைப் பாத்தியதை யாது, தூர் வாரும் செலவு யாருடையது என்று எழுதிய பின்னரே சுவர் எழும்பும். அவ்வாறு எழுதாத பாகப்பிரிவினை கோர்ட்டில் முடியும். சில வேளை கொலையிலும் முடியும். 1947-இல் சுவரெழுப்ப அவசரம் இருந்தது; கிணற்றுக்குச் சில மாதத் தவணையே கிடைத்தது. பிரிட்டனுக்கோ எழுத அவகாசம் இருந்தது. ஆயினும் வட அயர்லாந்தின் வழிநடைப் பாத்தியதையைத் தீர்க்க, விலகிய பின்னும் 2023-இல் மறுபடி எழுத வேண்டியிருந்தது.

விலகுவது உரிமை. விலகிய பின் பழைய இலையில் அமர இயலாது என்பதும் உண்மை. இரு பெரியவர்களும் பாதிப் பாதி சரியே. ஆனால் இலை வேறு, கிணறு வேறு. பிரிந்து போகிறவரும் இருந்து கொள்கிறவரும் தண்ணீர் குடித்தே ஆக வேண்டும். அடுத்த கூட்டத்தில் காப்பி தயாராகுமுன் இதைப் பேசி முடித்துவிடுவார்கள் என்று நம்புகிறோம்.