மூலிகை என்றால் பக்கவிளைவு இல்லை என்று யார் சொன்னது?



நம் வாட்ஸ்அப் குழுக்களில் கொஞ்ச நாளாக ஒரே செய்தி சுற்றுகிறது. "மனப்பதற்றமா? படபடப்பா? தூக்கமில்லையா? அஸ்வகந்தா சாப்பிடுங்கள். மூலிகைதான், பக்கவிளைவே கிடையாது." இதை அனுப்புகிறவர்களில் என்னிடம் அ, ஆ படித்தவர்களும் இருக்கிறீர்கள். அதனால்தான் எழுதுகிறேன். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை.

மாரமங்கலத்துப் பிள்ளைகளுக்குச் செடிகொடியைப் பற்றி நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. அரளி விதை என்ன செய்யும், ஊமத்தங்காய் என்ன செய்யும் என்று ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். அவையும் இயற்கைதானே? 1820களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டுவந்த காப்பியும் செடிதான். ராத்திரி இரண்டு டம்ளர் கடுங்காப்பி குடித்துப் பாருங்கள். தூக்கம் போகும், நெஞ்சு படபடக்கும். செடி உடம்பில் வேலை செய்யும் என்றால், வேண்டாத வேலையும் செய்யும். பக்கவிளைவே இல்லாத பொருளுக்கு விளைவும் இருக்காது.

அஸ்வகந்தா வேறொன்றுமில்லை, நம் அமுக்கரா கிழங்கு. சில வாரங்கள் சாப்பிட்டவர்களுக்கு மன அழுத்தம் ஓரளவு குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சொல்வது உண்மை. ஆனால் அதே கிழங்கு தைராய்டு சுரப்பைக் கூட்டலாம். தைராய்டு கூடினால் என்ன வரும்? படபடப்பும் பதற்றமும்தான்! சிலருக்குக் கல்லீரல் பாதிக்கப்பட்டு மஞ்சள்காமாலை வந்தது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. டென்மார்க் நாடு 2023-இல் இதைத் தடையே செய்தது. கர்ப்பிணிகள் தொடக்கூடாது. தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் மயக்கம் கூடும். செயின்ட் ஜான்ஸ் வோர்ட் என்று ஆன்லைனில் விற்கிற வெளிநாட்டு மூலிகை இன்னும் மோசம். மனச்சோர்வு மாத்திரையோடு சேர்ந்தால் ஆபத்து. கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து வேறு. என்னிடம் படித்த ஒருவர் இப்படி ஒரு செய்தியைப் படித்துவிட்டு, டாக்டர் கொடுத்த மாத்திரையை ஒரே நாளில் நிறுத்திவிட்டார். நான்காம் நாள் கைநடுக்கம், தூக்கமில்லை, காரணமில்லாத பயம். பொடி போதவில்லை என்று நினைத்து அளவை இரண்டு மடங்காக்கினார். நல்லவேளை, வீட்டார் கவனித்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்கள். யாரென்று கேட்காதீர்கள். மனநோய் மாத்திரையை டாக்டர்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். உணவுத் துணைப்பொருளாக விற்றால் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி. டப்பாவில் மருந்தல்ல என்கிறான், வாட்ஸ்அப்பில் மருந்து என்கிறான். எதை நம்புவீர்கள்?

"சார் சித்த மருத்துவத்தை இழிவு செய்கிறார்" என்று ஒருவர் கிளம்புவார். இல்லை தம்பி. சித்த வைத்தியர் நாடி பார்ப்பார், வேறென்ன மருந்து சாப்பிடுகிறாய் என்று கேட்பார், அளவும் அனுபானமும் பத்தியமும் சொல்வார். அரசு மருத்துவமனைகளில் சித்தப் பிரிவு இருக்கிறது, போங்கள். ஆளையே பார்க்காமல் எல்லோருக்கும் ஒரே டப்பாவை நீட்டுகிறவன் வைத்தியன் அல்ல, வியாபாரி. "மருந்துக் கம்பெனிகளின் சதி" என்பவர்களே, பொடி விற்பதும் கம்பெனிதானே?

பதற்றம் கோழைத்தனமல்ல, சாமி குற்றமுமல்ல. முதலில் காப்பியைக் குறைத்துப் பாருங்கள். தைராய்டுக்கும் ரத்தசோகைக்கும் பரிசோதனை செய்யுங்கள். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மலையிறங்க முடியாதவர்கள் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். ஏற்கெனவே பொடி சாப்பிடுகிறவர்கள் அதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். டப்பாவையே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

அந்தச் செய்தியை அனுப்பியவர்கள் அதை நீக்கிவிட்டு, அதே குழுவில் இந்த எண்ணைப் போடுங்கள். பரீட்சை பயத்துக்குப் பிள்ளைகளுக்கு மாத்திரை வாங்கிக் கொடுக்கும் பெற்றோருக்கும் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார், மாரமங்கலம்