சேவல் கொண்டை வைத்த பெயர்

சினைப்பையில் நீர்க்கட்டி என்று மருத்துவரிடம் போகிற பெண்ணிடம் இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டி, "உங்களுக்கு ஆண் ஹார்மோன் ஜாஸ்தியா இருக்கும்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் மோவாயைத் தடவிப் பார்த்து, உடம்புக்குள் எவனோ புகுந்துவிட்டதுபோல அவள் அழுகிறாள். அந்த அழுகையில் நோய் கொடுத்தது பாதி என்றால், பெயர் கொடுத்தது மீதி.

ஈஸ்ட்ரோஜன் பெண்ணுடையது, டெஸ்டோஸ்டிரோன் ஆணுடையது. 'பொருத்துக' கேள்விக்குக் கோடு போட்டுப் பழகிய கை நம்முடையது. அந்தக் கோட்டை எப்போதோ அழித்திருக்க வேண்டும்.

பெயர் வந்த கதையைப் பாருங்கள். 1920களில் இந்தப் பொருள்களை அளக்க வேறு வழியில்லை. சினைப்பை நீக்கிய எலிக்குச் சாற்றைச் செலுத்தினால் அது பருவத்துக்கு வருகிறதா? வந்தால் பெண் ஹார்மோன். காயடித்த சேவலுக்குச் செலுத்தினால் கொண்டை வளர்கிறதா? வளர்ந்தால் ஆண் ஹார்மோன். அளவுகோலின் பெயரையே அளந்த பொருளுக்கும் வைத்துவிட்டார்கள். 1934லேயே பெர்ன்ஹார்ட் சோண்டெக் இதைக் குலைத்தார். பொலிகுதிரையின் சிறுநீரில் ஈஸ்ட்ரோஜன் கொட்டிக் கிடந்தது. சினையில்லாத பெட்டைக் குதிரையிடம்கூட அவ்வளவு இல்லை. ஆனாலும் பெயர் மாறவில்லை.

அளவுக்கு வருவோம். மாதவிலக்கு நிற்காத வயதில், நோயில்லாத பெண்ணின் ஒரு மில்லிலிட்டர் இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் சுமார் 150 முதல் 700 பிகோகிராம் வரை இருக்கும். ஈஸ்ட்ரோஜன்களில் முதன்மையான எஸ்ட்ரடையாலோ விலக்கான நாள்களில் 30, 50 என்றுதான் கிடக்கும். முட்டை வெளிப்படுவதற்கு முன் ஓரிரு நாள் 200, 300 என்று ஏறி இறங்கும். ஆக, மாதத்தில் பல நாள்கள் அவளிடம் மிகுதியாக இருப்பது 'ஆண்' சரக்குதான்.

இருக்கத்தானே வேண்டும்? ஈஸ்ட்ரோஜனுக்கு மூலப்பொருளே அதுதான். வளரும் முட்டையைச் சுற்றி இரண்டு அடுக்குச் செல்கள் உண்டு. வெளியடுக்கான தீக்கா, மூளையடியில் உள்ள பிட்யூட்டரிச் சுரப்பியிலிருந்து வரும் எல்ஹெச் என்ற ஹார்மோன் தூண்ட, டெஸ்டோஸ்டிரோன் வகையான ஆண்ட்ரோஜனைச் செய்கிறது. உள்ளடுக்கான கிரானுலோசாவுக்கு அதைச் செய்யும் திறமில்லை. பக்கத்திலிருந்து வாங்கி, பிட்யூட்டரியின் இன்னொரு ஹார்மோனான எஃப்எஸ்ஹெச் தூண்ட, அரோமட்டேஸ் என்ற நொதியால் ஈஸ்ட்ரோஜனாக மாற்றிவிடுகிறது. ஒருத்தி பால் கறக்க, இன்னொருத்தி உறை ஊற்றுகிற கதை. இந்த அடுக்குகளை எலியின் கண்ணுக்குள் தனித்தனியாகவும் சேர்த்தும் பதித்து, இரண்டும் கூடினால்தான் வேலை நடக்கும் என்று 1959ல் ஸ்வீடனின் பெங்ட் ஃபால்க் காட்டினார். (கண்ணுக்குள் சினைப்பையை வளர்க்கத் தோன்றிய மூளையை என்ன சொல்ல!)

பிறந்த ஈஸ்ட்ரோஜன் சும்மா இருப்பதில்லை. திரும்பிப் போய் தீக்காவின் கையைப் பிடிக்கிறது. மூளைக்கும் பிட்யூட்டரிக்கும் ஏறிப்போய் எல்ஹெச்சையும் அடக்குகிறது. அந்தப் பிடி விட்டால் என்ன ஆகும்? 1993ல் லுபான், கோராக், ஸ்மிதிஸ் குழுவினர் ஈஸ்ட்ரோஜனின் சொல்லைச் செல்லுக்குள் கேட்டு வாங்கும் ஏற்பிகளில் ஆல்பா வகை இல்லாத சுண்டெலிகளை உருவாக்கினார்கள். பெட்டைகளின் இரத்தத்தில் ஈஸ்ட்ரோஜன் குறையவில்லை, எகிறியது. எல்ஹெச் எகிறியது, டெஸ்டோஸ்டிரோனும் எகிறியது. சினைப்பையில் இரத்தம் கட்டிய கட்டிகள். சொல்வதைக் கேட்க ஆளில்லாததால் உற்பத்திக்கு நிறுத்தமே இல்லை. விரைச் செல்களுக்கே உரியது என்று நினைத்திருந்த ஒரு நொதிகூட அந்தச் சினைப்பையில் தலைகாட்டியது.

"பார்த்தீர்களா, சினைப்பையைப் பெண்ணாக வைத்திருப்பதே ஈஸ்ட்ரோஜன்தான்" என்று ஒருவர் குதிக்கலாம். குதிக்கட்டும். ஆனால் ஆணிடமும் அதே வேலையைத்தான் அது பார்க்கிறது. ஆணின் எல்ஹெச்சை அடக்குவதில் பெரும்பங்கு, டெஸ்டோஸ்டிரோனிலிருந்து பிறந்த ஈஸ்ட்ரோஜனுடையது. அரோமட்டேஸைத் தடுக்கும் மருந்தை ஆணுக்குக் கொடுத்தால் எல்ஹெச்சும் டெஸ்டோஸ்டிரோனும் ஏறுகின்றன. 1994ல் மருத்துவ இதழில் பதிவான 28 வயது இளைஞருக்கு அந்த ஏற்பி வேலை செய்யவில்லை. எலும்பு முனைகள் மூடாமல், 204 சென்டிமீட்டருக்கு மேலும் வளர்ந்துகொண்டிருந்தார். 'பெண்' ஹார்மோனின் சொல் எட்டாத ஆணின் கதி அது.

அந்த வேலையும் ஒரே மாதிரி இல்லை. அடக்குகிற அதே ஈஸ்ட்ரோஜன், பெண்ணிடம் 200 பிகோகிராமைத் தாண்டி இரண்டு நாள் நின்றால், எல்ஹெச்சை அலையாகக் கிளப்பி முட்டையை வெளியே தள்ளுகிறது. முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் மஞ்சள் திரள், முயலில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைத் தொடர்ந்து செய்ய ஈஸ்ட்ரோஜன் வேண்டும். செம்மறியிலோ அதே திரளை அழிக்க அது துணைபோகிறது. இதற்கெல்லாம் 'பெண்தன்மை' என்ற ஒரே லேபிளை எங்கே ஒட்டுவது?

அந்தப் பெண்ணிடம் இப்படிச் சொல்லியிருக்கலாம்: "சினைப்பையோட வெளியடுக்கு அளவுக்கு மீறி வேலை செய்யுதும்மா. எல்ஹெச்சும் இன்சுலினும் சேர்ந்து அதை விரட்டுது. எல்லாப் பெண்ணுக்கும் சுரக்கிறதுதான், உங்களுக்குக் கொஞ்சம் கூடுதல்." சொல்லி முடிக்க அரை நிமிஷம்கூட ஆகாது.