ஒளியும் கதிர்வீச்சுதான்

மாணவர்களே, இருட்டறையில் கைப்பேசி விளக்கின் மேல் விரல் நுனியை வைத்துப் பாருங்கள். விரல் சிவப்பாக ஒளிரும். நீலத்தையும் பச்சையையும் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் விழுங்கிவிடுகிறது. சிறுநீர்ப்பைக்குள் புற்றுநோயைத் தேடும் மருத்துவர்களுக்கும் இந்தப் பண்பு கைகொடுக்கிறது.

1879இல் ஜெர்மானிய மருத்துவர் மேக்ஸ் நிட்சே, சிறுநீர்ப்பையை உள்ளே பார்க்கும் கருவியை வியன்னாவில் காட்டினார். பழுக்கக் காய்ந்த பிளாட்டினக் கம்பிதான் அதில் விளக்கு. சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடவிட வேண்டியிருந்தது! இன்றும் அதே வழியில்தான் மெல்லிய குழாய் உள்ளே போகிறது. மாறியிருப்பது ஒளி. 415, 540 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல, பச்சை ஒளியை மட்டும் பாய்ச்சினால் இரத்த நாளங்கள் கருமையாகத் தெரியும். கட்டியைச் சுற்றி வளர்ந்த நாளங்கள் கண்ணில் படும். இன்னொரு முறையில், மருந்து ஒன்றைச் சுமார் ஒரு மணி நேரம் சிறுநீர்ப்பையில் தேக்கி வைத்துவிட்டு, நீல ஒளி காட்டுகிறார்கள். புற்று உயிரணுக்களில் போர்ஃபிரின் என்ற பொருள் சேர்ந்து சிவப்பாக ஒளிரும். வெள்ளை ஒளியில் தப்பிவிடும் தட்டையான புற்றும் இதில் சிக்கும். அழற்சி கண்ட இடமும் சில வேளை ஒளிரும் என்பதால், சிறு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்த்த பிறகே முடிவு சொல்வார்கள்.

இவற்றைக் ‘கதிர்வீச்சு இல்லாத சோதனை’ என்கிறார்கள். எனக்கு இந்தப் பெயர் பிடிக்கவில்லை. ஒளியும் கதிர்வீச்சுதானே! வேறுபாடு ஆற்றலில் இருக்கிறது. நீல ஒளியின் ஒரு ஃபோட்டானில் ஏறத்தாழ 3 எலெக்ட்ரான் வோல்ட், சி.டி. ஸ்கேனின் எக்ஸ்ரே ஃபோட்டானில் பல்லாயிரம். அது அணுவிலிருந்து எலெக்ட்ரானைப் பிடுங்கி, மரபணுவைச் சிதைக்கவும் கூடும். ‘அயனியாக்காத’ என்று சொன்னால் சரியாக இருக்கும்.

ஒரு சொல்லுக்கு இவ்வளவு சண்டையா என்று கேட்கலாம். சொல் பயத்தைக் கிளப்புகிறது. சிறுநீரில் இரத்தம் கண்ட ஒருவர், “ஸ்கேன் வேண்டாம், ஒளிச் சோதனை போதும்” என்று அடம்பிடித்தால் என்ன ஆகும்? ஒளிக்குச் சுவரின் மேற்பரப்புதான் தெரியும். சிறுநீரகத்தில் இருக்கும் கட்டியோ, சுவரைத் தாண்டிப் பரவிய புற்றோ அதற்குத் தெரியாது. விரலைக் கடந்து வந்ததே மங்கலான சிவப்புதான்!

புகைபிடிப்பவர்களுக்கு இந்தப் புற்று வரும் ஆபத்து அதிகம். முதல் அறிகுறி பெரும்பாலும் வலியே இல்லாமல் சிறுநீரில் போகும் இரத்தம். “வலிக்கவில்லையே” என்று உங்கள் தாத்தா தள்ளிப்போட்டால், மருத்துவமனைக்கு அழைத்துப் போகச் சொல்லுங்கள். அங்கே இரண்டு சோதனையும் எழுதிக் கொடுத்தால், எது எதைப் பார்க்கும் என்று அவருக்கு நீங்களே விளக்கலாம்.